முழுத் தொகையும் கட்டியும் சிபில் ஸ்கோர் இறங்கியது ஏன்? கார்டு பாக்கியை எந்தத் தேதியில் கணக்கு எடுக்கிறார்கள்?

ராமேஸ்வரம் லாட்ஜ்

வணக்கம். ராமேஸ்வரத்தில் சின்ன லாட்ஜும் அதோடு சேர்ந்த மெஸ்ஸும் நடத்துகிறேன். தங்கச்சிமடத்தில் வாங்கிப் போட்ட இடத்தில் வீடு கட்ட ஒரு வங்கியில் 30 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். 2025 மே மாதம் நானே பார்த்தபோது சிபில் ஸ்கோர் (கடனை எப்படிக் கட்டுகிறோம் என்பதற்குப் போடும் மதிப்பெண்) 784. ஆகஸ்ட் முதல் வாரம் வங்கியில் எடுத்துப் பார்த்துவிட்டு 736 என்கிறார்கள். அங்கே 750-க்கு மேல் என்றால் ஒரு வட்டி, கீழே என்றால் கால் சதவீதம் கூடுதல். 20 வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது, சும்மா விட மனசு வரவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கிரெடிட் கார்டு. லிமிட் ஒன்றரை லட்சம். பில் 12-ம் தேதி வரும், கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 1. மற்ற மாதங்களில் இருபது இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் போகாது. இந்த முறை ஆடி அமாவாசைக் கூட்டத்துக்காக மெத்தை, பெட்ஷீட், தண்ணீர் மோட்டார், மெஸ்ஸுக்கு அரிசி மளிகை எல்லாம் மொத்தமாக எடுத்ததில் ஜூலை 12 பில் 1,28,000 வந்தது. ஆகஸ்ட் 1 அன்று ஒரு பைசா பாக்கி இல்லாமல் கட்டிவிட்டேன். இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை. கிளையில் கேட்டால் "கார்டு அதிகமா யூஸ் பண்ணியிருக்கீங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். முழுசாகக் கட்டியவனுக்கு எதற்காக ஸ்கோர் குறைய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏர்வாடி

அண்ணே, கார்டை வெட்டிப் போட்டுவிடுங்கள். கையில் இருக்கிற காசுக்குச் சரக்கு எடுங்கள். பில்லில் மினிமம் தொகை மட்டும் கட்டி மாதம் மூன்றரை சதவீதம் வட்டியில் மாட்டியவர்களை நம் ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன். வருஷத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் போகிறது, கந்துவட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மண்டபம்காரன்

ஏர்வாடி தம்பி, மினிமம் கட்டுகிறவர்களுக்கு நீங்கள் சொல்வது நூறு சதவீதம் சரி. லாட்ஜ்காரர் கதை வேறு, அவர் வட்டியே கட்டியதில்லை. இப்போது கார்டை மூடினால் லிமிட்டும் போகும், பழைய நல்ல கணக்கு ஒன்றும் முடிந்துபோகும். கடன் கேட்டிருக்கிற நேரத்தில் அது வேண்டவே வேண்டாம்.

நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லாட்ஜ்காரரே, இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நேரத்துக்குக் கட்டினீர்களா என்பது. இன்னொன்று, கார்டு கொடுத்த வங்கி பாக்கியைக் கணக்கு எடுத்த நாளில் அதில் எவ்வளவு நின்றது என்பது. முதலாவதில் உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அடி விழுந்தது இரண்டாவதில்.

2025 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகள் மாதம் இரண்டு முறை, 15-ம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நாள் நிலவரத்தையும், ஸ்கோர் போடும் கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்பு மாதம் ஒரு முறை அனுப்பினால் போதும் என்று இருந்தது. அந்தத் தேதியிலிருந்து 7 நாளுக்குள் வங்கி அனுப்ப வேண்டும், வந்ததை அந்த நிறுவனம் 5 நாளுக்குள் ஏற்ற வேண்டும். நாம் எல்லாவற்றையும் சேர்த்து சிபில் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, நான்குக்கும் தகவல் போகும்.

இப்போது உங்கள் தேதிகளை வைத்துப் பாருங்கள். பில் வருவது 12. கட்டுவது 1. நடுவில் 15-ம் வந்துவிடுகிறது, 31-ம் வந்துவிடுகிறது. அதாவது இரண்டு தடவை கணக்கு எடுக்கும்போதும் 1,28,000 அப்படியே கார்டில் நிற்கிறது. நீங்கள் கட்டுகிற நாள், இரண்டாவது கணக்கும் எடுத்து முடித்த மறுநாள். ஸ்கோர் போடும் கணினிக்கு நீங்கள் நாளைக்கு முழுசாகக் கட்டப்போகிறீர்கள் என்று தெரியாது. ஒன்றரை லட்சத்தில் 85 சதவீதம் எடுத்திருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். கடைசி தேதியில் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும், மாதா மாதம் ஒரு கணக்கிலாவது இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. இருபதாயிரம் நின்றவரை உங்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள் என்று எல்லாரும் சொல்வார்கள். அது ஒரு வழக்கமான அளவு, கோடு போட்ட எல்லை இல்லை. 31 ஆனவுடன் விழும், 29 ஆனால் ஏறும் என்று நினைக்க வேண்டாம். குறையக் குறைய நல்லது, 70, 80 என்று போகும்போது அடி பலமாக இருக்கும்.

ஒன்று செய்யுங்கள். சிபில் தளத்தில் முழு ரிப்போர்ட்டை எடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை நான்கு நிறுவனங்களும் இலவசமாகத் தர வேண்டும், 2017-லிருந்தே விதி இருக்கிறது. நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அதில் கார்டு கணக்குக்குப் போய் கரண்ட் பேலன்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில் அனுப்பியது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம் லாட்ஜ்

எடுத்துவிட்டேன் சார். கார்டுக்கு நேரே இப்படி இருக்கிறது. கிரெடிட் லிமிட் 1,50,000. ஹை கிரெடிட் 1,31,450. கரண்ட் பேலன்ஸ் 1,31,450. ஓவர்டியூ (கெடு தாண்டிய பாக்கி) என்ற இடம் காலி. தேதி 31-07-2025. அதற்குக் கீழே மாதா மாதம் சின்னச் சின்னக் கட்டமாக 000, 000 என்று வரிசையாக வருகிறது.

எனக்குப் புதிர் என்னவென்றால் பில் 1,28,000தானே? 1,31,450 எங்கிருந்து வந்தது?

மண்டபம்காரன்

இதைத்தான் தேடினேன். ஜூலை 12-க்குப் பிறகு மாதக் கடைசி வரை 3,450 ரூபாய்க்கு எதாவது வாங்கினீர்களா பாருங்கள். வாங்கியிருப்பீர்கள். அப்படியென்றால் உங்கள் வங்கி பில் தொகையை அனுப்பவில்லை, அன்றைய தேதியில் கார்டில் மொத்தம் எவ்வளவு நிற்கிறதோ அதை அனுப்புகிறது. இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

000 என்பது எத்தனை நாள் தாமதம் என்ற கட்டம். பூஜ்யம் நாள். 36 மாதம் வரை காட்டும். வரிசை முழுக்க 000 இருப்பதுதான் உங்கள் சொத்து, அதைப் பார்த்து நிம்மதியாக இருங்கள். ஹை கிரெடிட் என்பது இதுவரை அதிகபட்சமாகப் பயன்படுத்திய தொகை, அது இனி அப்படியே நிற்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வங்கி உங்கள் ஸ்கோரை எடுத்த நாளில் ஜூலை 15 கணக்குதான் ஏறியிருக்கும். இப்போது ஜூலை 31 கணக்கு ஏறியிருக்கிறது. ஆகஸ்ட் 1 அன்று நீங்கள் கட்டியது இன்னும் எங்கேயும் ஏறவில்லை. ஆகஸ்ட் 12 பில் வந்திருக்குமே, எவ்வளவு?

ராமேஸ்வரம் லாட்ஜ்

ஆமாம் சார், மெஸ்ஸுக்கு கேஸ் அடுப்பு பர்னரும் சில்லறைச் சாமானும் வாங்கினேன், தொகை சரியாக வருகிறது. இப்போதைய பில் 24,200. கடைசி நாள் செப்டம்பர் 1.

மண்டபம்காரன்

கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். 15 சுதந்திர தின விடுமுறை, அதனால் இன்றைக்கே கட்டுங்கள். வேறு வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் கார்டில் வரவு விழ ஒன்றிரண்டு நாள் எடுக்கலாம், அதே வங்கியின் ஆப் வழியாகக் கட்டினால் பெரும்பாலும் உடனே விழும். 20,000 கட்டிவிட்டு மீதி 4,200-ஐ வைத்திருந்தாலும் சரி, முழுசாகக் கட்டினாலும் சரி. அப்புறம் மாதம் முடியும்வரை பெரிய கொள்முதல் எதுவும் கார்டில் வேண்டாம்.

15-ம் தேதிக் கணக்கு வங்கியிலிருந்து 22-க்குள் போக வேண்டும், 27-க்குள் ஏற வேண்டும். 27-க்குப் பிறகு நீங்களே ஒரு தடவை பார்த்து, பாக்கி குறைந்திருப்பது உறுதியான பிறகு வங்கியில் போய் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவசரப்பட்டு இன்னொரு வங்கிக்கு ஓட வேண்டாம். கடன் கேட்டுப் போகிற ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் ரிப்போர்ட் எடுப்பது உங்கள் கணக்கில் பதிவாகும், அடுத்தடுத்து நாலைந்து பதிவு விழுந்தால் அதுவே ஸ்கோரைக் கொஞ்சம் இழுக்கும்.

தொண்டி டு டெக்சாஸ்

சார், நான் அமெரிக்காவில் பார்த்ததைச் சொல்கிறேன். இங்கே பெரும்பாலான கார்டு நிறுவனங்கள் ஸ்டேட்மென்ட் (பில்) போடும் நாளில் என்ன பாக்கியோ அதைத்தான் அனுப்புகின்றன. அதனால் ஸ்டேட்மென்ட் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கட்டிவிட்டால் போதும். கார்டு நாலைந்து வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டு ஒன்றில் மட்டும் சின்னத் தொகை விட்டுவைப்பார்கள். நம் ஊர் சிபில் மாதிரி இங்கே ஃபைக்கோ ஸ்கோர், 300-லிருந்து 850 வரை. அதில் நேரத்துக்குக் கட்டுவதற்கு 35 சதவீதம், எவ்வளவு பாக்கி என்பதற்கு 30 சதவீதம் எடை. பரவலாகப் பயன்படுத்தும் ஃபைக்கோ 8 பதிப்பில் போன மாத பாக்கிக்கு ஞாபகமே கிடையாது, இந்த மாதம் குறைத்தால் ஸ்கோர் திரும்பிவிடும். இந்தியாவிலும் ஸ்டேட்மென்ட் தேதிதான் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

மண்டபம்காரன்

தம்பி, நல்ல தகவல். ஆனால் யூடியூபில் வருவது பெரும்பாலும் அமெரிக்க வழக்கத்தைத் தமிழில் சொல்வது. அந்த 35, 30 கணக்கு ஃபைக்கோவுடையது, அதை அப்படியே சிபிலுக்கு ஒட்டக் கூடாது. சிபில் 300 முதல் 900. இங்கே கணக்குத் தேதியை ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது, பில் தேதியோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. அனுப்புகிற தொகை கடைசி பில் தொகையா, அன்றைய மொத்தப் பாக்கியா என்பது வங்கிக்கு வங்கி மாறுகிறது. அதனால்தான் லாட்ஜ்காரரை ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ரிப்போர்ட்டில் இருக்கிற தொகையையும் தேதியையும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் பில்லையும் ஆப்பில் வரும் செலவுப் பட்டியலையும் வைத்துப் பார்த்தால் உங்கள் வங்கி எதை அனுப்புகிறது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அடுத்தவர் வங்கியை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

பில் தொகையை அனுப்புகிற வங்கி என்றால் பில் போடுவதற்கு முன்னால் கட்ட வேண்டும். அன்றைய பாக்கியை அனுப்புகிற வங்கி என்றால் 15-க்கும் மாதக் கடைசிக்கும் முன்னால் கட்ட வேண்டும். எது என்று பார்க்க வழி இல்லாதவர்கள் பில் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, 15-க்கு முன்னால் ஒரு தடவை, மாதக் கடைசிக்கு முன்னால் ஒரு தடவை என்று கட்டினால் இரண்டுக்கும் சரியாக இருக்கும்.

பாம்பன் விசைப்படகு

இதைப் படித்த பிறகுதான் என் கணக்கே எனக்குப் புரிகிறது சார். எங்களுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் கிடையாது, ஆனால் செலவு முழுக்க அப்போதுதான். படகைக் கரையேற்றி பலகை மாற்றுவது, பெயின்ட், இன்ஜின் வேலை, வலை, கயிறு, எல்லாம் மே மாதமும் ஜூன் முதல் பாதியும். கார்டு இரண்டும் கழுத்து வரை நிற்கும். ஜூன் 15 கடலுக்குப் போகிற அன்றைக்கு என் பாக்கி வருஷத்திலேயே அதிகம். நீங்கள் சொல்கிற கணக்கு எடுக்கிற 15-ம் அதே நாள். கடல் ஏறி நிற்கிற நேரத்தில் கம்பை ஊன்றி அளந்துவிட்டு இதுதான் ஆழம் என்று எழுதிக்கொண்டு போவது மாதிரி இருக்கிறது. ஜூலையில் மீன் காசு வந்ததும் எல்லாவற்றையும் அடைத்துவிடுவேன். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? கட்டக் காசு இருந்தால்தானே 15-க்கு முன்னால் கட்ட முடியும்?

மண்டபம்காரன்

நியாயமான கேள்வி. தேதி பார்த்துக் கட்டுவது கையில் காசு வைத்துக்கொண்டு கடைசி நாளுக்காகக் காத்திருப்பவர்களுக்குத்தான் உதவும். உங்களுக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

முதலில், தடைக்காலத்தில் பாக்கி ஏறி ஜூலையில் இறங்குவது நிரந்தரக் காயம் இல்லை. பாக்கி குறைந்து அடுத்த கணக்கு ஏறியதும் ஸ்கோர் திரும்ப ஆரம்பிக்கும். தவணை தவறினால்தான் அந்தக் கட்டத்தில் 000 இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண் விழுந்து மூன்று வருஷம் கண்ணில் படும். ஆக ஸ்கோர் இறங்குகிறதே என்று பதறாமல், கடைசி நாளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுசாக முடியாத மாதத்தில் மினிமமாவது உள்ளே போக வேண்டும், வட்டி வலித்தாலும். கடைசி நாள் கழிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று அனுப்பலாம் என 2022 விதியில் இருக்கிறது. அந்த மூன்று நாளை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இன்ஜின் கடனோ வீட்டுக்கடனோ கேட்பதாக இருந்தால் மார்ச்சிலேயே கேளுங்கள், அல்லது ஆகஸ்டு வரை பொறுங்கள். மே, ஜூனில் கேட்காதீர்கள். பெரிய செலவைக் கார்டில் இஎம்ஐயாக மாற்றினாலும் அந்தத் தொகைக்கான லிமிட் அடைபட்டுத்தான் நிற்கும், தவணை கட்டக் கட்டத்தான் திறக்கும், அதனால் அதை வைத்துப் பாக்கி குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மூன்று மாதச் செலவைக் கார்டில் இழுப்பதைவிட நகைக்கடன் வட்டி ரொம்பக் குறைவு, அதையும் யோசியுங்கள். நகைக்கடனும் ரிப்போர்ட்டில் வரும், ஆனால் அது கார்டு லிமிட்டில் எத்தனை சதவீதம் என்ற கணக்கில் சேராது.

கீழக்கரை துபாய்

அஸ்ஸலாமு அலைக்கும். காக்கா, எனக்கு ஒரு சந்தேகம். நான் துபாயில் இரண்டு கார்டு வைத்து எட்டு வருஷமாக ஒழுங்காகக் கட்டி வருகிறேன். ஊரில் வீட்டை இடித்துக் கட்ட நம் ஊர் வங்கியில் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) கடன் கேட்டால் ஹிஸ்டரியே இல்லை என்கிறார்கள். துபாயில் கட்டியது இந்தியாவில் சேராதா?

மண்டபம்காரன்

வஅலைக்கும் அஸ்ஸலாம். சேராது தம்பி. அமீரகத்தில் அல் இத்திஹாத் கிரெடிட் பீரோ தனி, அதிலும் ஸ்கோர் 300 முதல் 900 வரைதான், ஆனால் அந்தத் தகவல் சிபிலுக்கு வராது, இங்குள்ளது அங்கே போகாது. சில வங்கிகள் என்ஆர்ஐ கடனுக்கு அந்த ஊர் ரிப்போர்ட்டைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உண்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஊரில் உங்கள் என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியம் போடும்) கணக்கு இருக்கிற வங்கியில் வைப்புத்தொகையின் பேரில் ஒரு சின்ன கார்டு வாங்கி, அதில் மாதம் ஒரு போன் ரீசார்ஜ், ஒரு கரன்ட் பில் என்று ஓட்டுங்கள். லிமிட் சின்னதாக இருக்கும், அதனால் சீக்கிரம் சதவீதம் ஏறிவிடும் என்பதை மட்டும் கவனிக்கவும். 20,000 லிமிட்டில் 15,000 கரன்ட் பில் கட்டினால் அன்றைக்கே 75 சதவீதம். கட்டிய கையோடு கார்டையும் அடைத்துவிடுங்கள்.

தேவிபட்டினம்

ஐயா, ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் "சிபில் கிளியர் செய்து தரப்படும்" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். என் தங்கை வீட்டுக்காரர் போய் விசாரித்தார். 8,000 கேட்கிறார்கள், ஆதார், பான், ஓடிபி எல்லாம் வேண்டுமாம். இவருக்குக் கார்டில் பாக்கியே இல்லை, ஜூனிலேயே கட்டி மூடிய கார்டு இன்னும் 46,000 பாக்கி என்று காட்டுகிறது. கொடுக்கலாமா?

மண்டபம்காரன்

அம்மா, ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், ஓடிபி கொடுக்கவே வேண்டாம். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவை நாமே இலவசமாகத் திருத்தலாம்.

முதலில் ரிப்போர்ட்டில் எந்தத் தேதிக் கணக்கு என்று பாருங்கள். கட்டிய நாளுக்கு முந்தைய தேதி என்றால் வங்கி புதுத் தகவல் அனுப்பவில்லை. பிந்தைய தேதி என்றால் தவறாக அனுப்பியிருக்கிறது. இரண்டுமே புகாருக்கு உரியதுதான். ஜூனில் கட்டியது ஆகஸ்ட் நடுவிலும் ஏறவில்லை என்றால் அது தாமதம் என்று சொல்லி விடக்கூடிய விஷயம் இல்லை. கட்டிய ரசீது, மூடியதற்கு வங்கி கொடுத்த கடிதம் இரண்டையும் வைத்துக்கொண்டு சிபில் தளத்திலேயே டிஸ்ப்யூட் (பதிவு தவறு என்ற புகார்) போடுங்கள், வங்கிக்கும் மெயிலில் எழுதுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் விதி போட்டு, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், 2022-லிருந்து கிரெடிட் தகவல் நிறுவனங்களும் அதன் கீழ் வருகின்றன. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

ஏர்வாடி

அப்படியென்றால் மாதா மாதம் இந்த 15, 30 தேதிகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? கடை நடத்துவதா, கார்டுக்குக் காவல் இருப்பதா?

மண்டபம்காரன்

வேண்டாம் தம்பி. அடுத்த மூன்று மாதத்தில் எந்தக் கடனும் கேட்கப்போவதில்லை என்றால் கடைசி நாளுக்குள் முழுசாகக் கட்டுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். வட்டியில்லாத அந்த இருபது நாள் உங்கள் காசு உங்களிடமே இருப்பது நல்லதுதான், அதை ஏன் விட வேண்டும்? கடன் கேட்கப் போகிற காலத்துக்கு இரண்டு மாதம் முன்னாலிருந்து மட்டும் தேதி பார்த்தால் போதும்.

ஆனால் ரூபே கார்டை யுபிஐயில் இணைத்துவிட்டு டீக்கடையிலிருந்து பெட்ரோல் பங்க் வரை அதிலேயே ஸ்கேன் செய்கிறவர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் பெரிய சாமான் வாங்கினால்தான் கார்டை எடுப்போம். இப்போது சில்லறைச் செலவு முழுக்க அதில் போவதால் பாக்கி தெரியாமல் ஏறி நிற்கிறது. லிமிட் சின்னதாக இருந்தால் வாரம் ஒரு முறை ஒரு தொகையைக் கட்டிவிடுவது நல்ல பழக்கம். மாதத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டலாம், அதற்குத் தடை கிடையாது.

பில் தேதியே ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளும் உரிமையும் உண்டு. குறைந்தது ஒரு முறையாவது மாற்ற வாய்ப்புத் தர வேண்டும் என்பது விதி. லாட்ஜ்காரருக்கு 20-ம் தேதியை ஒட்டி பில் வந்தால் கடைசி நாள் 10-ஐ ஒட்டி வரும். முழுசாகக் கட்டி முடித்த நிலையில் 15-ம் தேதிக் கணக்கு எடுப்பார்கள். தனியாக எதையும் ஞாபகம் வைக்காமலே மாதத்தில் ஒரு கணக்காவது குறைவாகப் போகும்.

ராமேஸ்வரம் லாட்ஜ்

எல்லாருக்கும் தகவல். அன்றைக்கே 24,200-ஐயும் கட்டிவிட்டேன். 27-ம் தேதி பார்த்தபோது ஏறவில்லை, 29-ல் ஏறியிருந்தது. கரண்ட் பேலன்ஸ் 860, தேதி 15-08-2025. ஸ்கோர் 771. பழைய 784 வரவில்லை, அது ஏன் என்று தெரியவில்லை. ஆனால் 750-க்கு மேல் வந்துவிட்டதால் கிளையில் மறுபடி எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பில் தேதியை 20-க்கு மாற்றவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மண்டபம் சாருக்கு ரொம்ப நன்றி, ராமேஸ்வரம் வந்தால் மெஸ்ஸில் சாப்பிடாமல் போகக் கூடாது.

ஒன்று கேட்க வேண்டும். முன்கூட்டியே கட்டிவிட்ட பிறகும் ஆட்டோ டெபிட் (கணக்கிலிருந்து பில் தொகையைத் தானாக எடுக்கும் ஏற்பாடு) செப்டம்பர் 1 அன்று மறுபடி 24,200 எடுத்துவிடுமா?

மண்டபம்காரன்

மிச்சம் 13 பாயின்ட் வங்கி ரிப்போர்ட் எடுத்த பதிவால் இருக்கலாம், சில மாதங்களில் அதன் எடை குறைந்துவிடும்.

ஆட்டோ டெபிட் சில வங்கிகளில் கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் எடுக்கும், சில இடங்களில் பில் தொகையை அப்படியே எடுக்கும். கஸ்டமர் கேரில் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டாலும் காசு எங்கும் போகாது, கார்டில் வரவாக நிற்கும், அடுத்த செலவில் கழியும், திருப்பிக் கேட்டாலும் தருவார்கள். அதற்காக ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடாதீர்கள்.

தேவிபட்டினம்

ஐயா, டிஸ்ப்யூட் போட்டாகிவிட்டது, நன்றி. இன்னொரு கேள்வி. என் வீட்டுக்காரர் கார்டில் எனக்கு ஆட்-ஆன் கார்டு ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். நான் அதில் செலவு செய்து ஒழுங்காகக் கட்டினால் என் பெயரில் ஸ்கோர் வளருமா? நான் தனியாகக் கருவாடு மொத்த வியாபாரத்துக்குக் கடன் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

மண்டபம்காரன்

ஆட்-ஆன் கார்டுக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு முதல் கார்டு வைத்திருப்பவருக்கு. பொதுவாக செலவும் பாக்கியும் அவர் ரிப்போர்ட்டில்தான் ஏறும், உங்கள் பெயரில் எதுவும் சேராது. நீங்கள் அதில் எடுக்கிற சரக்குத் தொகை அவருடைய லிமிட்டிலிருந்துதான் போகிறது, 15-ம் தேதி நின்றால் அவர் ஸ்கோர்தான் இறங்கும். உங்களுக்கு என்று வரலாறு வேண்டும் என்றால், கீழக்கரைத் தம்பிக்குச் சொன்ன மாதிரி உங்கள் சொந்த வைப்புத்தொகையின் பேரில் ஒரு கார்டு வாங்குங்கள். ஏற்கனவே மகளிர் குழு வழியாகவோ மைக்ரோ ஃபைனான்ஸிலோ கடன் வாங்கிக் கட்டியிருந்தால் அது உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வாய்ப்பு இருக்கிறது. அதனால் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னால் உங்கள் பான் எண்ணில் ஒரு ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். கிரிஃப் ஹை மார்க்கிலும் ஒன்று எடுங்கள், மைக்ரோ ஃபைனான்ஸ் தகவல் அவர்களிடம் நிறைய இருக்கும்.